குரல் வாக்கு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பட்டையில் மக்கள் பிரதிநிதி யார் சொல் கேட்பது?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பத்திரிகைகள் அதற்கு ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று பெயரிட்டன. மசோதா செய்ய முனைந்தது அதைவிட நுட்பமான காரியம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, அன்றாட வேலை நேரம், வார வேலை நேரம், இடைவேளை, மிகைநேரக் கூலி பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு ஓர் அறிவிக்கை மூலம் விலக்களிக்கலாம் என்றது அது. கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் வேலை நேரச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. தமிழ்நாட்டுக்கு வரவிருக்கும் நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்கின்றன, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்கும் என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள்.

காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் எனக் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொழிலாளர் முன்னேற்றப் பேரவையும் எதிர்த்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 24 அன்று, மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பட்டையில் இந்த மசோதாவைவிட நேரடியாக உடம்பில் படும் சட்டம் வேறில்லை. கம்பெனி பஸ்ஸில் போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் 12 மணி நேர ஷிஃப்ட் என்பது ஏறக்குறைய முழுநாள். மசோதாவுக்கு ‘ஆம்’ என்று குரல் கொடுத்த உறுப்பினர்கள் யாருடைய சொல்லைக் கேட்டார்கள்? சொந்த அறிவையா, தொகுதி மக்களையா? இரண்டும் இல்லை. கட்சி கொண்டுவந்த மசோதாவுக்குக் கட்சி உறுப்பினர்கள் குரல் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அதே கட்சி பின்வாங்கியபோது அவர்களில் எவரும் தம் மனம் எப்படி மாறியது என்று விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. குரல் வாக்கெடுப்பு என்பதால் யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப் பதிவும் இல்லை.

மக்கள் பிரதிநிதி தன் அறிவின்படி நடக்க வேண்டுமா, வாக்களித்தவர்கள் விருப்பப்படியா என்ற பழைய கேள்வியை இந்தப் பட்டையில் வைத்துப் பார்க்கும்போது, கேள்வியே கொஞ்சம் இடம் மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். எப்படி மாறுகிறது என்பதற்கு முன், அதன் பழைய வடிவத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

அரசியல் நூல்களில் இந்தக் கேள்விக்கு முதல் பெயர் எட்மண்ட் பர்க். 1774 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுக நகரில் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அவர் வாக்காளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: உங்கள் கருத்தை மதித்துக் கேட்பேன், ஆனால் உங்கள் ஆணைக்காக என் மனசாட்சியையும் அறிவையும் விட்டுக்கொடுக்க மாட்டேன், நாடாளுமன்றம் ஊர்களின் தூதர்கள் கூடிப் பேரம் பேசும் இடமல்ல. இந்த உரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் பின்கதையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அயர்லாந்தின் வணிகத் தடைகளைத் தளர்த்தலாம் என்றார் பர்க், கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தரலாம் என்றார். பிரிஸ்டல் வணிகர்களுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. 1780இல் தோல்வி உறுதி என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். அதன்பின் நாடாளுமன்றத்துக்குப் போனது மால்ட்டன் என்ற சிறு தொகுதியிலிருந்து. அது அவருடைய புரவலரான ராக்கிங்ஹாம் பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதி. தன் அறிவின்படி நடந்தவருக்கு வாக்காளர் கொடுக்காத இடத்தைத் தலைவர் கொடுத்தார். இந்த இரண்டாம் பகுதிதான் நமக்கு நன்றாகப் புரியும்.

பர்க்கின் பக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. பிரான்ஸின் 1958 அரசமைப்பும் ஜெர்மனியின் அடிப்படைச் சட்டமும் உறுப்பினரை வாக்காளரின் கட்டளை கட்டுப்படுத்தாது என்றே சொல்கின்றன. தொகுதி மக்களின் விருப்பம் நாட்டின் நலனோடு மோதலாம், நாளைக்கு வாக்களிக்கப்போகும் குழந்தைகளின் நலனோடும் மோதலாம். மறுபக்கத்து நியாயமும் குறைந்ததல்ல. முகவராக நான் அனுப்பியவர் என் பேச்சைக் கேட்க மாட்டார் என்றால் நான் எதற்கு அவரை அனுப்ப வேண்டும்? 2013 டிசம்பரில் டெல்லியில் ஆம் ஆத்மி கட்சி, காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சி அமைக்கலாமா என்று குறுஞ்செய்தியிலும் வார்டுக் கூட்டங்களிலும் மக்களைக் கேட்டுவிட்டு ஆட்சி அமைத்தது. 49 நாளில் பதவி விலகியபோது அப்படிக் கேட்கவில்லை. கேட்பதற்கு உகந்த கேள்வி எது என்று முடிவு செய்கிறவரிடமே அதிகாரம் தங்கிவிடுகிறது.

நம் பக்கத்தில் நினைவுகூர வேண்டிய ஓர் ஆள் உண்டு. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது மத்திய அரசிலிருந்து இரண்டு தமிழக அமைச்சர்கள் விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் சி. சுப்பிரமணியம், மற்றவர் செங்கல்பட்டுத் தொகுதியின் ஓ.வி. அளகேசன். இந்தத் தொழிற்பட்டை முழுவதும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். பிறகு பிரதமர் சாஸ்திரி உறுதிமொழி கொடுத்தார், இருவரும் விலகலைத் திரும்பப் பெற்றார்கள். 1967இல் காங்கிரஸ் மாநிலத்தில் ஆட்சியை இழந்தது. தொகுதி மக்களின் உணர்வுக்காகப் பதவியைப் பணயம் வைத்தார் என்று இதைப் படிக்கலாம், கட்சியைக் காப்பாற்றப் பார்த்தார் என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும், விலகுவதா இல்லையா என்ற முடிவு அன்று ஓர் உறுப்பினரின் கையில் இருந்தது.

இருபது ஆண்டு கழித்து வந்த சட்டம் அந்த இடத்தைச் சுருக்கியது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். (ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த நினைவகம் ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது. அரசியல்வாதிகள் ஆண்டுதோறும் அங்கே மலர் வைக்கிறார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.) ‘ஆயா ராம், கயா ராம்’ காலத்துக் கட்சித் தாவல் வியாபாரத்தை ஒழிக்க வந்த சட்டம் என்பதை மறுக்க முடியாது. கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றமும் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் ஆலை நேரம் பற்றிய மசோதாவுக்கும் ஒரே கொறடாக் கயிறு என்பது எந்த வியாபாரத்தையும் ஒழிக்கத் தேவைப்படாத கட்டு.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ்நாடு பார்த்தது 2017இல். அந்த ஆண்டு ஜனவரி 23 அன்று, மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பணிந்து, சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்கான சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மக்கள் விருப்பம் சட்டமானதற்கு அதைவிட வேகமான உதாரணம் கிடையாது. அடுத்த மாதமே காட்சி மாறியது. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது, உறுப்பினர்கள் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூவத்தூரில் ஒரு சொகுசு விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுடைய கைப்பேசி எண்கள் வாட்ஸ்அப்பில் பரவின. ஊர் ஊராக வாக்காளர்கள் தம் எம்.எல்.ஏ.வை அழைத்து, இவருக்கு வாக்களியுங்கள், அவருக்கு வாக்களிக்காதீர்கள் என்று சொன்னார்கள், திட்டினார்கள், சிலர் உரையாடலைப் பதிவு செய்து சுற்றுக்கு விட்டார்கள். பெரும்பாலான எண்கள் அணைந்தன. ஆவடி உறுப்பினர் மாஃபா பாண்டியராஜன் வாக்காளர்களின் குரலைக் கேட்பதாகச் சொல்லி ஓ. பன்னீர்செல்வம் பக்கம் போனார். கோவை வடக்கு உறுப்பினர் அருண்குமார் கூவத்தூரிலிருந்து கிளம்பி ஊருக்குப் போய்விட்டார். பிப்ரவரி 18 அன்று ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைச் சபாநாயகர் ஏற்கவில்லை. நம்பிக்கைத் தீர்மானத்தில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்ற கணக்கில் வென்றார்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் பாடமானது. நம்பிக்கைத் தீர்மானத்தில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரும் உறுப்பினர்களாகவே தொடர்ந்தார்கள். அணிகள் இணைந்ததும் பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் 18 பேர் அதே ஆண்டு செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பதினெட்டில் இந்தப் பட்டையை ஒட்டிய பூந்தமல்லியும் திருப்போரூரும் உண்டு. 2019 மே வரை, இருபது மாதம், அந்தத் தொகுதிகளுக்கு உறுப்பினரே இல்லை. சொந்த அறிவா வாக்காளர் விருப்பமா என்ற விவாதம் பூந்தமல்லிக்காரருக்கு அந்த இருபது மாதமும் கேலியாகத்தான் கேட்டிருக்கும்.

ஆக, கட்சி என்ற மூன்றாம் ஆள் வந்து இருவரையும் தள்ளிவிட்டார் என்று சொல்லி இங்கேயே முடிக்கலாம். இந்தியாவில் இந்தக் கேள்வி பற்றி எழுதுகிறவர்கள் பலர் அங்கேதான் முடிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அது பாதிக் கதை என்று தெரிகிறது.

65ஏவை மறுபடி பாருங்கள். வேலை நேரம் இவ்வளவு என்று அந்த மசோதா தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் அதிகாரத்தை அவையிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அதே நாளில் நிறைவேறிய இன்னொரு மசோதா தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களின் நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால் அதை எப்படிக் கையாள்வது என்பது பற்றியது. ஏரிகளால் ஆன மாவட்டத்தில் அது சிறிய விஷயமல்ல. விவாதமின்றி நிறைவேறியது. வேலை நேர மசோதாவுக்கு எதிராகச் சங்கங்கள் இருந்தன. வாய்க்காலுக்குச் சங்கம் இல்லை. இது திரும்பப் பெறப்படவும் இல்லை.

இன்னும் பின்னே போனால் 105ஏ. மத்திய அரசின் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும், அப்போது ஊராட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும், தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படுவோரில் 80 சதவீதத்தினரின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்துக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் ஆதிதிராவிடர் நலச் சட்டத்துக்கும் இவை பொருந்தா என்று ஆக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் முன்தேதியிட்டு அந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுக்கும் புதிய சட்டத்தை இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஓர் ஆட்சி போட்ட சட்டத்தை அடுத்த ஆட்சி பயன்படுத்தியது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் வேறுபாடு இருந்ததில்லை, வாக்காளருக்கு மாற்றுச் சின்னமும் இருந்ததில்லை.

இந்தச் சட்டங்களின் முழு எடையும் விழுந்த ஊர் ஏகனாபுரம். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வாயிற்று. பரிசீலனைப் பட்டியலில் படாளம், திருப்போரூர், பன்னூர் ஆகியவையும் இருந்தன. தேவைப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கும் மேல். அதற்குள் வீடுகளும் நெல் வயல்களும் ஏரிகளும் கம்பன் கால்வாயும் வருகின்றன. அந்த நிலத்துக்குள் வரும் ஏகனாபுரத்தின் கிராம சபை அந்த ஆகஸ்ட் 15 தொடங்கி விமான நிலையம் வேண்டாம் என்று மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. கிராம சபை என்பது நம் அரசமைப்பில் மக்கள், பிரதிநிதி வழியாக அல்லாமல், தாமே பேசும் ஒரே இடம். 2022இல்தான் தமிழ்நாடு அரசு அதை ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறு முறையாக உயர்த்தியிருந்தது. கூட்டத்தின் எண்ணிக்கை கூடியது, தீர்மானத்தின் எடை கூடவில்லை. 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலை ஏகனாபுரத்தார் புறக்கணித்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று நடிகர் விஜய் தம் கட்சியின் தலைவராக வந்து ஆதரவு சொன்னார். 2025 ஏப்ரலில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கொள்கையளவிலான ஒப்புதல் வந்தது.

அரசின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம் நிரம்பிவிட்டது. ஒரு மாநிலத்தின் விமான நிலையத்தை ஓர் ஊரின் தீர்மானம் தடுக்கலாம் என்றால் எந்த ஊரிலும் எதுவும் வராது. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் ஹூண்டாய் வந்திருக்குமா? தெரியாது. வந்திராவிட்டால் அதைச் சுற்றி வளர்ந்த உதிரிபாக ஆலைகளும், ஒரகடத்தின் ரெனோ-நிசானும் டெய்ம்லரும், அவற்றில் வேலைக்குப் போன பிள்ளைகளின் சம்பளமும் இருந்திருக்காது. வாக்காளர் விருப்பம் என்பது ஒற்றைக் கட்டியும் அல்ல. 2025 ஜூலையில் விமான நிலையத்துக்காகச் சில நில உரிமையாளர்கள் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். நிலமுள்ளவருக்கு இழப்பீடு, குத்தகைக்கு உழுகிறவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் வேறு கணக்கு.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று நிற்கிறது. பர்க் தன் வாக்காளர்களை எதிர்த்தார், ஆனால் பிரிஸ்டலுக்குப் போய் ஏன் எதிர்த்தேன் என்று பேசினார். 1780இல் அவர் அங்கே பேசிய நீண்ட உரையை அவர் ஆதரவாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். பரந்தூரில் தன் அறிவின்படிதான் முடிவெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு பிரதிநிதி இல்லை. இடத்தைத் தேர்ந்தது நிறுவனங்களும் துறைகளும், நிலம் எடுப்பது அரசாணை, அனுமதி தருவது அமைச்சகம். சட்டமன்ற உறுப்பினர் இதில் எந்தக் கட்டத்திலும் கை தூக்குவதில்லை. அவருக்கு முன் அவையில் இருந்தவர்கள் 105ஏவுக்குக் கை தூக்கியதோடு அந்த வேலை முடிந்துவிட்டது.

சாம்சங் விவகாரமும் இதே கதைதான், வேறு அறையில். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்து ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் 15 வரை நீடித்தது. பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தவர்கள் அமைச்சர்கள், அதிகாரிகள். சங்கத்தைப் பதிவு செய்வது பதிவாளர் வேலை, அதற்கும் உயர் நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி இறுதியில் பதிவாயிற்று. தொகுதி உறுப்பினர் நல்லவராக இருந்தால் பந்தலுக்கு வரலாம், அறிக்கை விடலாம், முதலமைச்சரைச் சந்தித்து மனு கொடுக்கலாம். அதாவது, வாக்காளர் அவரிடம் கொடுக்கும் அதே மனுவை அவர் இன்னொருவரிடம் கொடுக்கலாம்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எடுத்துக்கொண்டாலும் திசை அதுவே. 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் நாடாளுமன்றம் அவற்றில் மூன்றை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. நேர ஏற்பாடு, மிகைநேரம் பற்றிய பல விவரங்கள் விதிகளுக்கு விடப்பட்டிருக்கின்றன. புதிய தொழிற்சாலைகளுக்கு மாநில அரசு அறிவிக்கை வழியே விலக்களிக்கவும் இடமுண்டு. விதியும் அறிவிக்கையும் அரசிதழில் வருபவை. அவற்றுக்கு உறுப்பினரின் அறிவும் தேவையில்லை, வாக்காளரின் விருப்பமும் தேவையில்லை.

இந்தப் பட்டைக்கே உரிய இன்னொரு சிக்கல், ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி என்பது. 2021இல் அங்கே வென்றவர் காங்கிரஸின் கு. செல்வப்பெருந்தகை. தனித் தொகுதியின் உறுப்பினரிடம் ‘மக்கள் விருப்பப்படி நட’ என்றால் எந்த மக்கள்? பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம், வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் மற்றவர்கள். 1932இல் பூனா ஒப்பந்தத்தின்போது இதுவே சண்டை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண் அந்தச் சண்டையின் இரு பக்கத்துக்கும் ஆள் கொடுத்தது. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்று தனி வாக்காளர் தொகுதி கேட்டார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயோடு உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதியை ஏற்றார். மற்றவர் வாக்கில் வெல்கிறவர் மற்றவருக்குத்தான் பணிவார் என்பது அம்பேத்கரின் கவலை. அப்படிப் பார்த்தால், தொகுதியின் பெரும்பான்மை விருப்பத்தை மீறும் உரிமை தனித் தொகுதி உறுப்பினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். சேரிக்குச் சேர வேண்டிய நிலமும் சுடுகாட்டுப் பாதையும் பெரும்பான்மை விருப்பத்தால் கிடைத்தவை அல்ல. வாக்காளர் சொல்வதே வேதம் என்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். தடுமாற வேண்டியதுதான்.

தீர்வுகள் என்று முன்வைக்கப்பட்டவை பல. உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமைக்காக 1974இல் சி.கே. சந்திரப்பன் மக்களவையில் அரசமைப்புத் திருத்த மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் உள்ளாட்சி அளவில் அதை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை நீக்கும் நடவடிக்கை மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகிறது, தேர்ந்தெடுத்த ஊர் வழியாக அல்ல. திரும்ப அழைக்கும் உரிமை எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை. எதிலுமே வாக்களிக்காத உறுப்பினரை எதற்காகத் திரும்ப அழைப்பது? கொறடாவின் எல்லையைச் சுருக்குவது அதைவிடப் பயன் தரும். ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் தகுதிநீக்கம் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கையும் ஏறக்குறைய அதையே சொன்னது. எந்தக் கட்சியும் அதைத் தொடவில்லை.

2023இல் வேலை நேர மசோதாவை வீழ்த்தியது எது என்று பார்த்தால் கொறடாவின் எல்லை சுருங்குவதன் அருமை புரியும். தி.மு.க.வுக்குத் தனியாகவே பெரும்பான்மை இருந்தது. ஆனால் அதன் கொறடாவுக்குக் கூட்டணிக் கட்சி உறுப்பினர்கள் மேல் அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாத அந்த இடைவெளி வழியே தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு அவைக்குள் நுழைந்தது. அன்று சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்தவர் ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினர். தொகுதியின் நலனும் அவர் கட்சியின் நிலைப்பாடும் ஒரே திசையில் அமைந்தன. ஆளுங்கட்சியில் இருந்திருந்தால் அதே ஆள் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது சிரமமில்லை.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் சொல்வதை மீறும் சுதந்திரம் உறுப்பினருக்கு வேண்டும். மீறிய காரணத்தை, பெயர் பதிவான வாக்கோடு, பாதிக்கப்பட்ட ஊரின் கிராம சபையில் நின்று சொல்லும் கடமையும் கூடவே வேண்டும். இப்போது கிராம சபைக்கு எம்.எல்.ஏ. வர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. கிராம சபைத் தீர்மானத்தை மறுக்கும் அரசு, மறுப்பின் காரணத்தை எழுத்தில் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் போதும். ஏகனாபுரம் தோற்றிருக்கலாம், ஆனால் எந்த வாதத்தில் தோற்றது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு முன்மாதிரி தேட லண்டன் போக வேண்டாம். பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். இந்திய ஜனநாயகத்தின் பெருமை பேசும் எந்த மேடையிலும் குடவோலை தவறாமல் வந்துவிடும், 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்ற அடிக்கல் நாட்டு விழாவிலும் பிரதமர் சொன்னார். குடத்தில் ஓலை போட்டு எடுத்ததைச் சொல்கிறவர்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி ஓலைக்குத் தகுதியற்றவர் என்ற விதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தச் சபை யாருடையது என்பதையும் சொல்வதில்லை. அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும்.

சொந்த மனை, சொந்த வீடு என்ற அந்த நிபந்தனை இந்தப் பட்டையில் வேறு உருவில் உயிரோடுதான் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒரு தொகுதியில் சாதாரணமாக வசிப்பவர் அங்கே வாக்காளராகலாம். சட்டத்தில் விடுதிவாசிக்குத் தடையில்லை. நடைமுறையில், தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஷிஃப்ட் பார்க்கிறவர்களில் பெரும்பாலோரின் பெயர் ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டபோது ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். உள்ளூர் எம்.எல்.ஏ. எவருக்கும் வாக்காளராக இல்லாதவர்களுக்குச் சாலை கிடைத்தது. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் வெளியூர்த் தொழிலாளர்கள் இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊருக்கு வாக்களிக்கும் இயந்திரத்தை முன்மொழிந்தது, கட்சிகளின் எதிர்ப்பில் அது நின்றுபோனது. வந்திருந்தாலும் அந்த வாக்கு தூத்துக்குடிக்கும் ஒடிசாவின் கஞ்சத்துக்கும் போயிருக்கும், ஒரகடத்துக்கு அல்ல.

மக்களவைத் தொகுதியிலோ கணக்கு இன்னும் விசித்திரம். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைத் தாங்கிய தொகுதியில் 2024இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், தமிழ்நாட்டிலேயே அதிகம். மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய சென்னைப் புறநகர்கள் ஐந்து, ஆறாவதாக ஸ்ரீபெரும்புதூர். 2009, 2019, 2024 என்று மூன்று முறை அங்கே வென்ற டி.ஆர். பாலு வாக்காளர் விருப்பத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தாலும், அது தாம்பரத்தின் ரயிலும் பல்லாவரத்தின் குடிநீருமாகத்தான் இருந்திருக்கும். புறநகர்க்காரருக்கு இரண்டாவது விமான நிலையம் ஒரு வசதி.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. படுக்கைகள் 18,720. அங்கே தங்குகிறவர்களில் பாதிப்பேர் தம் பெயரை உள்ளூர்ப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டால் அந்த ஊராட்சியின் கிராம சபையில் அவர்களே பெரும்பான்மை. ஏரிக்கரை யாருக்கு, எந்தத் தெருவுக்கு விளக்கு, பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்கள் தீர்மானம் போடலாம். தலைமுறையாக அங்கே இருப்பவர்கள் சிறுபான்மை ஆவார்கள். மூன்று ஆண்டில் வேலை முடிந்து ஊர் திரும்பப்போகிறவர்களின் விருப்பத்துக்கு முப்பது ஆண்டு அங்கேயே இருக்கப்போகிறவர் பணிய வேண்டுமா என்று ஊர்க்காரர் கேட்பார். அந்த ஊரின் ஆலைகளை ஓட்டுவது யார் என்று விடுதியிலிருந்து பதில் வரும். இருவரிடமும் வாக்குக் கேட்டுப் போகும் வேட்பாளருக்குப் பர்க்கின் உரை எந்தப் பக்கமும் கைகொடுக்காது. ஏரிக்கரையையும் தெருவிளக்கையும் பற்றித் தனக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொண்டுதான் அவர் அந்த இரண்டு கூட்டங்களுக்கும் போக வேண்டியிருக்கும்.